நான்காவது டப்பா

அந்தப் படத்தின் கடைசி ரீலை முந்தாநாள் பார்த்துவிட்டேன். என் மகன் எங்கிருந்தோ தேடிப் பிடித்து டிவியில் போட்டுக் கொடுத்தான். நீ எங்களுக்குச் சொன்ன முடிவு அதில் இல்லை. படம் முடிந்ததும் உனக்கு போன் செய்யக் கை போனது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

தாம்பரத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டி இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. எண்பதுகளில் மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூட ஹாலில் நாம் படம் போட்டோம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ரயில்வேக்காரர்கள் பெஞ்சு தூக்கினார்கள், தையல்கடை பாய் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்தார். அதையும் மீறி எங்கிருந்தோ வெளிச்சம் கசியும். திரையில் பனி கொட்டும் தேசத்தில் நம்மூர் வெயில் ஒரு கோடாக விழும். புரொஜெக்டர் ஒரு கல்லூரியில் இரவல் வாங்கியது, அன்று மாலையே திருப்பிவிட வேண்டும்.

நீ சர்ச்சில் முதல் பூசை முடித்து நேராக ஓடி வருவாய். படங்களில் தமிழ் எழுத்து ஓடாது என்பதால், ஒவ்வொரு ரீல் மாட்டும்போதும் திரைக்கு முன்னால் நின்று அதில் வரப்போவதைச் சொல்வது உன் வேலை. படத்தோடு வரும் ஆங்கிலத் தாளைப் படித்துவிட்டுச் சொல்வாய். கடைசி ரீலுக்கு மட்டும் வாயே திறக்கமாட்டாய். "முடிவைக் கேக்காதீங்க சார். அதுக்கு எந்த பாஷையும் வேணாம்" என்பாய். எனக்கு உன்மேல் அப்போது கொஞ்சம் பொறாமைகூட உண்டு. கூட்டத்தின் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நாம் இருவரும்தான் எழும்பூரிலிருந்து ரீல் டப்பாக்களைக் கொண்டுவருவோம். லேடீஸ் பெட்டியில் அவற்றுக்கும் ஒரு சீட்டு பிடித்து, மீன்கூடைக்காரம்மாக்களிடம் திட்டு வாங்குவோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எண்ணுவது என் பொறுப்பு. "கிண்டி வந்துச்சு, எண்ணுடி" என்பாய். நான் தொட்டுத் தொட்டு எண்ணுவேன்.

அந்த சனிக்கிழமை பல்லாவரத்திலிருந்து நான் எண்ணவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு குழந்தையோடு. வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அப்பா அவள் பெயரைச் சொல்லவிடவில்லை. நான்கு வருஷம். அப்பா சொன்னார் என்பது ஒரு சாக்குதான், நானும் போகவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்ததே எனக்கு அந்த பிளாட்பாரத்தில்தான் தெரியும். வண்டி கிளம்பிவிட்டது. நீ என் முகத்தைப் பார்த்தாய், அவளையும் பார்த்தாய். அக்கா கதை உனக்குத் தெரியும்.

தாம்பரம் கேட்டைத் தாண்டிய பிறகு எண்ணினால் மூன்று டப்பாதான் இருந்தது. நான்காவது, சீட்டுக்கு அடியிலேயே பீச் ஸ்டேஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ரோட்டிலேயே அழுதேன். "அழுவாதடி. நாளைக்கு யாராவது கேட்டா ரீலே வரலைன்னு சொல்லிக்கலாம்" என்றாய். மறுநாள் எல்லோரிடமும் அப்படியே சொன்னாய். திங்கட்கிழமை பீச் ஸ்டேஷனில் டப்பா கிடைத்தது. ஆனால் புரொஜெக்டர் போய்விட்டிருந்ததே, பார்க்காமலே திருப்பி அனுப்பினோம்.

படத்தில் இரண்டு சகோதரிகள். பேச்சு விட்டுப்போன தங்கை பல வருஷம் கழித்து அக்காவின் வீட்டு கேட்டுக்கு வெளியே மழையில் வந்து நிற்கிறாள். அங்கே மூன்றாவது ரீல் முடிந்தது. வெள்ளை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ எழுந்து நின்றாய். அன்று முதல்முறையாக ஒரு முடிவைச் சொன்னாய். தங்கை கேட்டைத் தள்ளுகிறாள், அக்கா கதவைத் திறக்கிறாள், "சாப்டியா?" என்று கேட்கிறாள், அவ்வளவுதான் படம் என்றாய். பாய் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று நான் நினைத்தேன். எந்த வெள்ளைக்காரி வாசலில் வைத்து "சாப்டியா" என்று கேட்பாள் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே பல்லாவரம் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் மரம் மாதிரி நின்றேன். அக்கா வந்து பார்த்தாள். "செருப்ப உள்ள வுடு. நாய் தூக்கினு போயிடும்" என்றாள். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. ஞாயிறு காலையில் ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. கடைசி ஷோவுக்கு நம்மையும் சேர்த்து ஒன்பது பேர். கறுப்புத் துணியைப் பாதி நீயும் பாதி நானுமாக எடுத்துக்கொண்டோம். என் பாதி இன்னும் பீரோவில் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை தடவை சந்தித்திருக்கிறோம், அந்த முடிவைப் பற்றி ஒரு தடவையாவது நீ வாயைத் திறந்திருக்கலாம். உன்மேல் கோபமாக வருகிறது. உன்னைப் பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது.

உண்மையான முடிவு என்ன தெரியுமா? தங்கை கேட்டில் கை வைக்கிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. கையை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்து போய்விடுகிறாள். அவ்வளவுதான். நல்ல படம்தான், குறை சொல்ல மாட்டேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவும் பார்த்தாள். இப்போது பள்ளிக்கரணையில் மகள் வீட்டில் இருக்கிறாள், வாரம் இரண்டு நாள் இங்கேதான். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிட்டா?"

"அன்னிக்கு ஹால்ல இவ உள்ள போயிட்டா, அக்கா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எழுந்து தோசைக் கல்லைப் போடப் போனாள்.