கிளைவை ‘மேரி’ பண்ணிவிட்டேன்

கூபர் பீடி, ஆஸ்திரேலியா

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை கிளைவை ‘மேரி’ பண்ணினேன். பதறாதே, முதலில் உன் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள். நம் ஆங்கிலத்தில் கட்டிக்கொள்வதற்கும் கட்டிவைப்பதற்கும் அந்த ஒரே சொல்தானே? நான் அவனை ஹேசலுக்குக் கட்டிவைத்தேன்.

இந்த ஊரில் கல்யாணம் நடத்திவைக்கும் உரிமம் வைத்திருப்பவள் ஓபல் கல் விற்கும் கடைக்காரி நான் ஒருத்திதான். எனக்கு மோதிரம் போட்டுவிட்டு, “உன்னையெல்லாம் எவன் கட்டுவான்?” என்று மதுக்கடையில் ஊர் சிரிக்கக் கேட்டுவிட்டுப் போன அதே கிளைவ், போன மாதம் ஹேசலோடு என் கடை வாசலில் நின்றான்.

“நீதான் நடத்தி வெக்கணும், மார்ஜ்.”

“அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுடா.”

“கேளேன்யா, வாய் சுளுக்கிக்குமா?” என்று ஹேசலே சிரித்தாள். நல்ல பெண், பாவம்.

அத்திப்பழ ஜாம் அனுப்பு. சின்ன பாட்டில் போதும், ஒருத்திக்குப் பெரியது வீணாகிறது. கடைக்கு ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பேசி முடித்த கூலியைக் கேட்டாயானால், வழக்கமான கட்டணம்தான். கூடவே, அதே மதுக்கடையில், ஊர் பார்க்க மண்டியிட்டு, ‘எங்களை’ என்றல்ல, “என்னை மேரி பண்ணு, மார்ஜ்” என்று அவன் கேட்க வேண்டும். இரண்டு முறை நான் மாட்டேன் என்பேன். மூன்றாவது முறைதான் சம்மதம். மூன்று முறையும் கேட்டான்.

உன் மார்ஜரி