ஈரானி ஓட்டல் மேசை

மல்லாபூர்,
ஆகஸ்ட் 1981

அன்புள்ள டோரிஸுக்கு,

ஆண்டவர் தயவில் சுகமாயிருக்கிறேன். நீ பார்த்துக்கொள்ளப் போன மாமிக்கு மூட்டுவலி குறைந்ததா?

ஞாயிறு ஆராதனை முடிந்து நாம் டீ குடிக்கும் ஈரானி ஓட்டலை இடிக்கிறார்கள் என்று ரூஃபஸ் உனக்கு எழுதினானாமே. புருஷன் நான் இதே ஊரில் இருக்கும்போது, பாடகர் குழுவில் உன்னோடு பாடினவன் முந்திக்கொள்வானேன்?

உடனே சிகந்திராபாத்துக்கு ஓடினேன். அங்கே நாலு மாடிக் கட்டடம் வரப்போகிறதாம். ஃபேமிலி ரூமில் நாம் உட்காரும் பளிங்கு மேசையைக் கேட்டு வாங்கி ரிக்‌ஷாவில் ஏற்றி வந்துவிட்டேன். இறக்கும்போது நழுவி மேசையின் ஒரு மூலை உடைந்தது; என் கால் விரலில் லேசான காயம்தான், பயப்படாதே. மேசைக்கு ஒரு விரிப்பு பின்னி அனுப்பு. தனியாகச் சாப்பிடும்போது பளிங்கு சில்லிடுகிறது.

நேற்று ரூஃபஸ் வந்தான். "காய்கு அண்ணே, எதுக்கு இந்த உடைஞ்ச மேசை?" என்று இந்த ஊர் உருது கலந்து கேட்டுச் சிரித்தான். எதிரே உன் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நிற்கவைத்தே டீ கொடுத்து அனுப்பினேன்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது.

உன்,
மோசஸ்