மீன்களுக்கும் புரட்டாசி

அன்பு மகள் தனுஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் உன் அப்பா என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் என்ன பேச முடியும்? இது அவர் காதுக்குப் போகக் கூடாத விஷயம். எதிர்வீட்டு மோகனா வியாழக்கிழமை மகளைப் பார்க்க அங்கே வருகிறாள், முறுக்கு டின்னோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

எல்லாம் உன் மீன் தொட்டியால் வந்த வினை. புரட்டாசி பிறந்ததும் வழக்கம்போல ஐஸ்பெட்டியைக் கழுவினேன். மீனுக்கென்று நீ உறைய வைத்திருந்த சிவப்புப் புழுக்கட்டியை உன் அப்பா எடுத்துக் குப்பையில் போட்டார். சரி, தயிர் இருக்கிற இடத்தில் புழு எதற்கு என்று நானும் நினைத்தேன். அதோடு விட்டாரா? அடியில் போய் விழும் அந்த வில்லைத் தீனி பாக்கெட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, இதில் ஊடாங் என்று போட்டிருக்கிறது, இறால் சேர்ந்தது என்று அதையும் எறிந்துவிட்டார். பாவம் மீன் எதைத் தின்னும் என்று கேட்டேன். இதுவும் நம்ம வூட்டு மீனுதானே, ஒரு மாசம் கட்டுப்பாடா இருக்கட்டும்லா என்கிறார். அப்புறம்தான் காரணத்தைச் சொன்னார். நீ தீபாவளிக்கு வீட்டுக்கு வர வேண்டும், அதற்காக இந்த வீட்டில் இருக்கிற எல்லா வாயும் சுத்தமாக இருக்கும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டாராம். மீனின் வாயையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார், என்ன சொல்வது இந்த மனிதரை.

வேகவைத்த பூசணி, பசலைக்கீரை, பருப்பு, தீர்த்தம் மாதிரி நாலு துளசி, இவ்வளவும் தொட்டிக்குள்ளே போனது. கண்ணாடி மேலே சந்தனத்தில் நாமம் வேறு. கண்ணாடிப் பாசியை நக்கித் தொட்டியைச் சுத்தம் செய்யும் அந்தப் பெரிய பண்டாராயா மீனுக்குக் கொண்டாட்டம், பூசணியை ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. உன் புள்ளி போட்ட குட்டிக் கெளுத்திகள்தான் திண்டாடின. மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா திரும்பின. பருப்புக் கரைந்து தண்ணீர் வெளுத்துவிட்டது, ஓயாமல் மேலே பாய்ந்து காற்றுக் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, ஒன்றுக்கு மீசை தேய்ந்தே போய்விட்டது. டவுனுக்குப் போய் அந்த வளர்ப்பு மீன்கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் சொன்னேன். ஆச்சி, இதென்ன முயலா, கீரை கொடுத்து வளர்க்க என்று மலாயில் திட்டினார். புதுப் பாக்கெட் வாங்கி வந்து சோப்புத்தூள் டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். மிஞ்சின பூசணியை எல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினேன். சாயந்திரம் அவர் பஜனைக்குக் கிளம்பினதும் தொட்டி விளக்கை அணைத்து, நீ சொல்லிக் கொடுத்தபடி மேலே நீந்துகிற மீன்கள் அடங்கின பிறகு வில்லையைப் போடுவேன். அப்போது மீசையை ஆட்டிக்கொண்டு வரிசையாக வரும் பார், பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

மீன் தேறிவிட்டது, பேர் யாருக்கு? பெருமாளுக்கு! புரட்டாசி இருந்து மீன் கொழுத்துவிட்டது என்று கோயில் முழுக்கச் சொல்லி, கூடப் பஜனை பாடும் அப்பளசாமியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டி, அந்த மனிதரும் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். இருவருக்கும் காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு நான் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டேன். இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, அதே தீபாவளி வாரத்தை இன்னொரு நர்சும் கேட்டிருக்கிறாள், லீவு கஷ்டந்தான் போலம்மா என்றாயே, அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் என்னா கொற வெச்சேன் தங்கமணி, மீனுகூட கட்டுப்பாடா இருந்துச்சே என்று என்னைக் கேட்கிறார். அவர் விரதத்தில்தான் ஏதோ குறையாம், தீபாவளி முடியும்வரை நீட்டப் போகிறாராம். தீபாவளி அன்று ஆட்டுக்கறி இல்லாத வீடு, கேட்டிருக்கிறாயா எங்கேயாவது?

நான் செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டு ஒரு வேண்டுதலா? பெருமாளிடமும் அதை நேராகவே சொல்லிவிட்டேன். இறால் வில்லைக்கும் உன் லீவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், அவர் அப்படிக் கேட்டபோது அந்தச் சோப்புத்தூள் டின்னைத்தான் திரும்பிப் பார்த்தேன். அதனால் நீ இன்னொரு தடவை உன் தலைமை நர்சிடம் போ. கிறிஸ்துமஸுக்கு நான் வேலை பார்க்கிறேன், தீபாவளி வாரத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேள், அந்த இன்னொரு பெண்ணிடமும் கேள், அவளுக்குக் கிறிஸ்துமஸ்தானே பெரிசாக இருக்கும். கூச்சப்படாதே. நீ வராவிட்டால் தன்னால்தான் என்று அவர் நினைப்பார், என்னால்தான் என்று நான் நினைப்பேன், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இந்தத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்போம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்டி.

நீ தீர்க்காயுசாக, நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும். இதைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை வாய் திறக்காதே. வரும்போது அந்த அடியில் விழும் தீனி அங்கே நல்லதாகக் கிடைத்தால் ஒரு பாக்கெட் வாங்கி வா. இறால் படம் போடாததாகப் பார்.

உன் அம்மா,
தங்கமணி
கோலசிலாங்கூர்