அப்பாவுக்குக் கிடைத்த பொய் மார்க்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. அக்கா பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டான், கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் போடுகிறான், அவன் பின்னால் ஓடி ஓடி அக்கா பாதியாகிவிட்டாள். நம் மருந்துக்கடையில் புது விளக்கு போட்டாயிற்று, மேல் தட்டு வரை பளிச்சென்று தெரிகிறது. உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஞாபகசக்திச் சோதனை என்று சொல்லி ஆட்களை உட்கார வைத்து, எப்படிச் செய்தாலும் குறைந்த மார்க்கைக் காட்டி, மனம் சோர்ந்தவர்கள் அடுத்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கிறாய், மார்க் பொய் என்பதை எல்லோரும் வந்துபோன பிறகு மொத்தமாக மின்னஞ்சலில் சொல்லிவிடுவாய், நெறிமுறைக் குழுவும் சம்மதித்துவிட்டது. அதனால்தான் உன்னிடம் சொல்லவே கூடாது என்று அப்பா என் வாயை அடைத்து வைத்திருந்த ஒரு விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.

போன வருடம் இங்கே கல்லூரியில் ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறார்கள், போய் உதவுங்கள் என்று நீதான் அப்பாவுக்குப் போனில் சொன்னாய். அவரும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பிப் போனார். திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அதன்பின் கடையில் அவருக்குக் கை ஓடவில்லை. சீட்டைப் பார்க்காமலே சர்க்கரைக்காரருக்கு இது, முழங்கால் அம்மாவுக்கு அது என்று எடுத்துக் கொடுத்த மனுஷன், ஒரு மாத்திரை அட்டையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அதையும் என்னிடம் நீட்டி, நீயும் ஒரு தரம் பாரு என்பார். வாடிக்கைக்காரர்களிடம் கேலி பேசுவதும் நின்றது. பிறகு ஒருநாள் கடைச் சாவியை என் கையில் வைத்து, “இனிமே நீயே பாத்துக்க, நான் யாருக்காவது தப்பா குடுத்துடுவேன்” என்றார். கிளறிக் கேட்டபோதுதான், உங்கள் வயதுக்காரர்களைவிட ஞாபகம் ரொம்பக் குறைவு என்று அங்கே வந்த மார்க்கைச் சொன்னார். எனக்கும் பயம்தான், அவர் எதிரில் காட்டிக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து அந்தச் சோதனையை நடத்திய ஆராய்ச்சிப் பெண் போன் செய்தாள். “அங்கிள், அந்த மார்க் நிஜமில்ல, எல்லாருக்கும் அதையேதான் காட்டினோம், உங்க ஞாபகம் நல்லாத்தான் இருக்கு” என்றாளாம். அப்பா மரியாதையாக, “சரிம்மா, ரொம்ப சந்தோஷம்” என்று வைத்துவிட்டார். நான் சந்தோஷத்தில் குதிக்கிறேன், அவரோ, “நல்ல பொண்ணு, என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுது” என்கிறார். ஏன் தெரியுமா, பெரிய வியாதிக்காரர்கள் சீட்டைக் கொண்டுவந்து முகத்தைப் பார்க்கும்போது, ஒன்றுமில்லை சரியாகிவிடும் என்று கடையில் நின்று இவரே சொல்லிப் பழகிய குரல் அது. அந்தக் குரலை அவரிடமே கொண்டுவந்தால் எப்படி நம்புவார்?

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பிடி பிடியென்று பிடித்தேன். அவள் பூசி மெழுகவில்லை, மறுநாளே கணினியோடு கடைக்கு வந்துவிட்டாள். அப்பாவை மறுபடி சோதனை செய்ய வைத்தாள், பிறகு வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாக அழுத்தச் சொன்னாள், இரண்டுக்கும் அதே மார்க். அப்பா இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, என்னை உட்கார வைத்தார். எனக்கும் அதே மார்க். “உனக்குமா? கல்யாணத்துல எங்க வீட்டுல யாரு என்ன சொன்னாங்கன்னு இன்னிக்கும் ஒப்பிக்கிறவளுக்கு இந்த மார்க்குன்னா, மெஷின் பொய்தான் சொல்லுது” என்று சிரித்தார். எத்தனை நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டார்.

பொய்யே சொல்லாதே என்று நான் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டு மனிதர்களைச் சோதிக்க முடியாத இடம் இருக்கும் என்பது எனக்கும் புரிகிறது. எல்லோரும் வந்துபோகும் முன் சொன்னால் ஒருவர் இன்னொருவரிடம் உளறி ஆராய்ச்சி கெடும் என்று உன் பேராசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் உன் தந்திரத்தை அவர்கள் கையாலேயே செய்து பார்க்க வை, வெளியில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள். காப்பாற்றுவார்கள், இந்தத் தெருவில் பாதிப் பேருடைய வியாதியை நாங்கள் வாய் திறக்காமல் வைத்திருக்கவில்லையா. பேராசிரியர் முறைத்தால் என் போன் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். முதல் வாரத்தில் ஏற்கெனவே கொஞ்சம் பேர் வந்து போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, எனக்கு அவர்கள் நினைப்பாகவே இருக்கிறது. மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அவர்களைத் திரும்பக் கூப்பிடு.

நான் இதை எழுதியது தெரிந்தால், நீ போகச் சொன்னதால்தான் இதெல்லாம் என்று நீ வருந்துவாய் என நினைத்து, பிள்ளையைப் பயமுறுத்தாதே என்பார் அப்பா. நான் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். உனக்கு இதைச் செய்யத் தெரியும், செய்வாய் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பாவிடம் மூச்சு விடாதே, உன் மூக்குக்கண்ணாடியை மாற்ற மறக்காதே. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், உன் அறைக்கு வந்தவர்கள் வந்தபடியே வீடு போய்ச் சேரட்டும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா