மரப்பு விடுவதற்குள்

பருத்திப்பட்டு,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் ஜெகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா சௌக்கியம், தொட்டியில் துளசி சௌக்கியம், என் இடது முட்டிகூடச் சுமாராக இருக்கிறது, வலது முட்டியைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் நலம். ஜெர்மனியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் முட்டி என்று ஆரம்பித்தால் நீ ஆபரேஷன் என்று முடித்துவிடுகிறாய், நடுவில் நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுதி முடித்ததும் அப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். படிக்காமலா அனுப்புவார், படிக்கட்டும், அவர் சங்கதியும் இதில் இருக்கிறது.

நான் இப்போது எங்கே இருக்கிறேன் தெரியுமா? மாடியில் இல்லை. கீழே கேட்டுக்குப் பக்கத்தில், போன முறை வந்தபோது நீ பைக் நிறுத்துவாயே, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காலையில் டாக்டர் முட்டியைச் சுற்றி மரத்துப்போகிற மருந்தை ஊசியில் போட்டார். இது வைத்தியம் இல்லை, சோதனைதானாம். வலியை மேலே கொண்டுபோகிற நரம்பு இதுதானா என்று பார்க்கிறார்கள். மரத்திருக்கும் நேரத்தில் வலி நன்றாகக் குறைந்தால், இன்னொரு நாள் அதே நரம்பில் ஊசி முனையைச் சூடாக்கி வைத்து வலியை அடக்கிவிடலாம், கத்தி கிடையாது, தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். அதனால் தேய்ந்தது வளர்ந்துவிடாது, வலிக்குத்தான் விடுமுறை, அதுவும் ஒரு வருஷம் வந்தால் நல்ல அதிர்ஷ்டம் என்றும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இன்றைய மரப்பு சில மணி நேரம்தான், அதற்குள் வழக்கமாகச் செய்கிற வேலைகளைச் செய்து பாருங்கள் என்று அனுப்பினார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அப்பா என் கையைப் பிடித்து, மரப்பு விடறதுக்குள்ள மேல ஏறிடலாம் வா என்றார். நான் வரமாட்டேன் என்று நாற்காலி போடச் சொல்லிவிட்டேன். வைகாசிக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர நான் இந்தத் தரையை மிதித்ததே இல்லை. அந்த நாளிலும் அப்பா ஒரு பக்கம், ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடித்து, பீரோ இறக்குகிற மாதிரி என்னை இறக்குவார்கள்.

இது எப்படி ஆனது என்று உனக்குப் பாதிதான் தெரியும். கோயிலுக்குப் போய்ட்டு வந்தா, வீங்கிக்கீது என்று அப்பா ஒரே வரியில் உன்னிடம் முடித்துவிட்டார். மாசியில் ஜெல் ஊசி போட்டோமே, தேய்ந்த மூட்டுக்குள் வழவழப்புக்காகப் போடுவது, எல்லோருக்கும் கேட்காது என்றார்கள், எனக்குக் கேட்டது. பங்குனி பிறக்கும்போது ஏரிக்கரை வரைக்கும் நடந்தேன். வலி போச்சுன்னு புது முட்டி வந்துட்டதா நெனச்சுக்காதீங்கம்மா, தேய்மானம் உள்ளேயேதான் இருக்கு, குந்தாதீங்க, படி ஏறாதீங்க, தொடைப் பயிற்சியை விடாதீங்க என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார். ஆனால் அவர் உள்ளே எனக்கு ஊசி போட்ட நேரத்தில் உன் அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து திருத்தணி முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். என்ன வேண்டுதல் என்கிறாய்? எனக்குக் கால் சரியானால் நானே படிக்குப் படி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி மலையேறி வருவேன் என்று. வேண்டிக்கொண்டது அவர், குனிந்து குனிந்து ஏறவேண்டியது நான்! உங்கள் தலைமுடியை வைத்து வேண்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன், பிறகுதான் அதற்கும் அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று ஞாபகம் வந்தது. நோவு உனுக்கு, வேண்டுதல் மட்டும் எனுக்கா, ஞாயமா சொல்லு என்கிறார். எனக்கும் அது நியாயமாகப் பட்டதுதான் என் போதாத காலம். சாமிக்குச் சொன்னதை நிறுத்தி வைத்தால் கண்காணாத ஊரில் இருக்கிற உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் மனசு அடித்துக்கொண்டது. வைகாசிக் கிருத்திகைக்கு ஆவடியில் ரயில் ஏறினோம். படிக்குப் படி குனிந்து மஞ்சள் பூசினேன். பாதி மலையில் நின்று மூச்சு வாங்கியபோது, பக்கத்தில் ஏறிய பெண்கள் இந்த வயதில் எப்படி ஏறுகிறார் பார் என்று பேசிக்கொண்டார்கள், எனக்கு ஒரே பெருமை. மேலே போய்க் கண்ணீர் விட்டுக் கும்பிட்டேன். மறுநாள் காலையில் முட்டி பலாக்காய் மாதிரி இருந்தது, காலை ஊன்றமுடியவில்லை. டாக்டர் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, எதற்காக மலை ஏறினீர்கள் என்று கேட்டார். முட்டி சரியானதுக்குதான் சார் என்று உன் அப்பா பதில் சொன்னார்.

அன்றிலிருந்து மாடிவாசம்தான். காய் வண்டி வந்தால் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குகிறேன், கத்தரிக்காய் சொத்தையா நல்லதா என்று பார்த்து எடுக்கிற கை போய்விட்டது, அவன் போட்டதுதான் காய். போன ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், நான் பால்கனியில் நின்று கும்பிட்டேன், தூக்குச் சட்டியில் மேலே வருவதற்குள் கூழ் ஆறிப்போனது. தெருவில் போகிறவர்கள் நின்று பேசத்தான் செய்கிறார்கள், ஆனால் எத்தனை நேரம் கழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பயிற்சியை மட்டும் விடவில்லை. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துகிறேன், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கிறேன், இரவுச் சோற்றை நிறுத்தி உடம்பும் இளைத்திருக்கிறது, நீ வந்தால் பார்ப்பாய். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீடியோவில் வரும்போதெல்லாம் ஏரியைக் காட்டும்மா என்பாய், நானும் போனைத் திருப்பிக் காட்டுவேன், சூப்பர்ல என்பாய், ஆமாம்டா என்பேன். அந்த ஏரியைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது ஜெகன். நீ ஆசை ஆசையாக எங்களுக்கென்று மாடியில் கட்டிக்கொடுத்த வீடு, வழவழவென்று தரை, அறைக்கு அறை காற்று, ஊரே மெச்சிய வீடு, இப்படி எழுதக் கை வரவில்லை. ஆனால் எனக்கு அது ஜெயிலாக இருக்கிறது. இன்றைக்குக் காலையில் டாக்டரும் வீடு எந்த மாடி என்று கேட்டார். பையன் கட்டின ஊடு டாக்டர், மாடி, ஏரிக் காத்து ஜில்லுன்னு வரும் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் எத்தனை ஊசி போட்டாலும் அந்தப் படி ஒரு பக்கம் என் வேலையைக் கெடுத்துக்கொண்டே இருக்கும் என்றார்.

கீழ்வீட்டில் குடியிருக்கிற ராணியை உனக்குத் தெரியும். மாடி கட்டி முடித்து நாங்கள் மேலே போனதிலிருந்து அவளும் அவள் வீட்டுக்காரரும்தான் கீழே. அவளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம், வேப்பம்பட்டில் அம்மா வீட்டில் இருக்கிறாள், அவரும் பாதி நாள் அங்கேதான். அவங்களக் காலி பண்ணச் சொல்லிட்டு நாம கீழ வந்துடலாமே, அந்தப் பொண்ணுதான் இங்க இல்லையே என்று அப்பா ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை எந்த வாயால் காலி பண்ணச் சொல்வது? அதுவும் அவள் வளைகாப்பில் முதல் வளையல் போட்டு, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்துப் பிள்ளையோடு இந்த வீட்டுக்கே வா என்று சபையில் அனுப்பி வைத்தது நான். அது திருத்தணிக்கு முன்னால், நான் நன்றாக நடந்துகொண்டிருந்த நேரம். இப்போது என் முட்டிக்காக அந்த வாக்கை மாற்றினால் நான் மனுஷியா? ஆக மேலேயிருந்து இறங்கவும் வழியில்லை, கீழே ஆளைக் கேட்கவும் வாயில்லை என்று தவித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஆவடிக்கு செக்கப் வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதே என்று நான் மேலேயிருந்து கத்த, அவள் தெருவில் நின்று, யம்மா, இன்னாத்துக்கு மேலயே குந்திகினு கீறீங்கோ, புள்ள பொறந்து மூணு மாசம் கயிச்சு நான் வர்றச்சொல்ல நீங்கோ கீய வந்துருங்கோ, நாங்கோ மாடிக்குப் பூட்றோம், எனுக்குக் காலு நல்லாத்தானே கீது என்று தெருவே கேட்கக் கத்தினாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீடு மாறக் கூடாது, அதனால்தான் இந்த மூன்று மாதக் கணக்கு, அதற்கு நான் காத்திருப்பேன். பேசி முடித்துவிட்டு அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே போனாள், நான் உள்ளே போய் நன்றாக அழுதேன்.

ஆனால் நான் சரி என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மாடி உன் வீடு, உன்னைக் கேட்காமல் நான் எப்படிச் சொல்வேன்? உன் கட்டில், உன் ஏசி, நீ வந்தால் இருக்க வேண்டும் என்று பூட்டிப் பூட்டி வைத்திருக்கிற அறை. டிசம்பர் லீவில் வரும்போது இரண்டு முட்டியையும் மாற்றிவிடலாம், பெரிய ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டேன் என்கிறாய். உன் அக்கறை எனக்குத் தெரியாதா, அம்மா கஷ்டப்படுவதை அங்கிருந்து பார்க்க முடியவில்லை உனக்கு. ஆனால் உன் லீவுக்குத் தகுந்தபடி என் முட்டி தேயவில்லை ராஜா. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சொல்கிறார், இன்னும் கடைசிக் கட்டத்துக்கு வரவில்லை, இதையெல்லாம் செய்து பார்த்தும் முடியாமல் போனால் அப்போது மாற்றலாம் என்று. அப்படி ஒரு நாள் வந்தால் நானே போய்ப் படுத்துக்கொள்வேன், எனக்கு அந்தப் பயம் இல்லை. எனக்கிருக்கிற பயமெல்லாம், நீ லீவு முடிந்து விமானம் ஏறிய பிறகு, புது முட்டியோடு நான் அதே மாடியில் அதே பால்கனியில் உட்கார்ந்திருப்பேனே என்பதுதான். எனக்கு இப்போது வேண்டியது முட்டி இல்லை, வாசல். கதவைத் திறந்தால் தெரு இருக்க வேண்டும். ஆகவே டிசம்பர் நாளை வேண்டாம் என்று சொல்லிவிடு, மாடியை ராணிக்கு மாற்றிக்கொடுக்கச் சரி என்று சொல். நீ வந்தால் கீழே என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள், சின்ன வயதில் படுக்கவில்லையா?

இன்னொன்று, இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன். உன் அறையில் மேலே ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. தளம் போட்ட அன்றைக்கு நீ இது எதற்கு என்று கேட்டாய், கொத்தனார் சிரித்தார், நானும் சிரித்தேன், உனக்கும் புரிந்துவிட்டது, வெட்கப்பட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாய். நீ கல்யாணப் பேச்சை எடுக்கவே விடமாட்டேன் என்கிறாய், நானும் எடுப்பதில்லை, இப்போதும் எடுக்கவில்லை. அந்தக் கொக்கியில் ராணி அவள் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக்கொள்ளட்டுமா? உனக்கென்று வைத்தது, அதனால்தான் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் அந்த அறையை மட்டும் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்வேன், மனத்தாங்கல் ஒன்றும் இல்லை.

மரப்பு விட ஆரம்பித்துவிட்டது, முட்டிக்குள் கணகணவென்று தெரிகிறது. அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் வா கலா, அப்பால உன்னைத் தூக்க முடியாது என்கிறார். பாவம், அவரும் என்னோடு சேர்ந்துதான் மாட்டிக்கொண்டிருக்கிறார், டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாகிறது அவர். நல்லதற்குத்தானே வேண்டிக்கொண்டார், நீயும் அவரை ஒன்றும் கேட்காதே. குளிருக்குக் காலுறை போடாமல் திரியாதே, ராத்திரியில் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு கை அரிசி வைத்தால் ஆகாதா? திருத்தணி முருகன் உனக்குத் துணையிருக்கட்டும், வேண்டுதல் பாக்கி ஒன்றும் இல்லை. நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. பதிலைப் போனில் சொல்லாதே, எனக்கு உன் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று வந்துவிடும். நீயும் எழுதி அனுப்பு.

உன் பதிலை எதிர்பார்த்து மாடி ஏறும்
அம்மா கலைவாணி

பின்குறிப்பு: அப்பா நாற்காலியைத் தூக்கி மேலே கொண்டுபோகப் பார்த்தார். வேண்டாம், அது கீழேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.