இருபதுக்குப் பதின்மூன்றரை

ஜனவரி 29, 2013 – செவ்வாய்

வாஷிங் மெஷின் மறுபடியும் படுத்துவிட்டது. ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாரிசில் நான் இருக்கும் ரூ பிலிப்-து-ஜிரார் தெரு முழுக்க நடந்து, காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போய்வந்தேன். வழியெல்லாம் நம் தமிழ்க் கடைகள். வீட்டுக்கார மரியரட்ணம் அண்ணன் வேலை பார்க்கும் மளிகைக் கடை வாசலில் நின்றவர்கள் மூட்டையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "தங்கச்சி இந்தியாவோ?" என்றார் ஒருவர். நான் வாயே திறக்கவில்லை. எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ!

அண்ணனும் அவர் மனைவி இம்மாகுலேற் அக்காவும் இலங்கையில் மன்னார்க்காரர்கள். அவர்கள் வீட்டில் ஓர் அறை என்னுடையது. அடுப்பும் குளியலறையும் பொது. பொது என்றால், மகள் பேர்ளி குளித்து முடித்த பிறகு மிச்சமிருக்கும் வெந்நீர் எனக்கு.

முதல் செமஸ்டர் மார்க் இந்த வாரம் வருமாம். நன்றாக வர வேண்டும். வந்தே ஆக வேண்டும். செப்டம்பரில் எங்கள் வகுப்பிலிருந்து இரண்டே பேரை நெதர்லாந்தில் ஒரு நீரியல் ஆய்வகத்துக்கு ஆறு மாதம் அனுப்புகிறார்கள். இந்தப் படிப்பை நான் எடுத்ததே அதற்காகத்தான். காவிரிக் கரையில் பிறந்தும் ஆற்றில் மணலைத் தவிர வேறெதையும் அதிகம் பார்க்காதவள் நான். தண்ணீர் அதிகமாகி அவதிப்படும் நாட்டைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

பிப்ரவரி 1 – வெள்ளி

13.5. இருபதுக்கு.

பிப்ரவரி 2 – சனி

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று கணக்குப் போட்டேன். நூற்றுக்கு அறுபத்தேழரை. நான் ப்ளஸ் டூவில் ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நூற்று அறுபத்தேழு வாங்கியவள். நாமக்கல் ஹாஸ்டல் பள்ளியில் மார்க் வரிசைப்படிதான் உட்கார வைப்பார்கள். முதல் பெஞ்சு என் சொத்து. அறுபத்தேழு வாங்கினவள் எங்கே உட்காருவாள்? உட்காரவே மாட்டாள். வராந்தாவில் முட்டி போட்டிருப்பாள்.

எங்கே தப்பு? பிரெஞ்சா? பாதிப் பாடம்தான் பிரெஞ்சில். ஆங்கிலத்தில் எழுதிய பேப்பரிலும் இதே கதிதானே? மூளை மழுங்கிவிட்டதா?

ஒரே நிம்மதி. இங்கே போர்டில் ஒட்டுவதில்லை. அவரவர் மார்க்கை அவரவர் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் யாரையும் கேட்கப் போவதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே.

பிப்ரவரி 3 – ஞாயிறு

அப்பா போன். "என்ன கண்ணு, மார்க்கு வந்துருச்சா?"

"இன்னும் வரலீங்கப்பா."

"அந்த ஹாலந்து விசயம்?"

"அதுவும் இன்னும் இல்லீங்கப்பா."

அம்மா போனைப் பிடுங்கி, ஈபிள் கோபுரத்தின் கீழே நின்று ஒரு போட்டோகூட அனுப்பவில்லை என்று குறைப்பட்டாள். சித்தி மகள் சிங்கப்பூர் போன இரண்டாம் நாளே அனுப்பிவிட்டாளாம். பாரிசுக்கு வந்ததிலிருந்து கோபுரத்தைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தோடு போட்டோவும் வேண்டாம்.

பிப்ரவரி 6 – புதன்

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார் மார்செல். பேராசிரியர், தலை முழுக்க நரை, ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. 'சார்' என்று ஆரம்பித்து இருமிச் சமாளிக்கிறேன்.

தாளின் தலைப்பில் சிவப்பு மையில் 'நல்ல வேலை' என்று பிரெஞ்சில் எழுதி, பக்கத்திலேயே 13 போட்டிருக்கிறார். கிண்டலா? மீதி ஏழு மார்க் எங்கே போயிற்று? எந்த இடத்திலும் தப்பு என்று அடிக்கக்கூட இல்லை. நல்ல வேலை என்றால் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!

போய்க் கேட்கலாம். கேட்டால் மார்க்குக்குச் சண்டை போடுகிறாள் என்று நினைப்பார். ஊரில் அப்படிக் கேட்டவர்களின் கதி தெரியும்.

பிப்ரவரி 10 – ஞாயிறு

அக்கா குடும்பம் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு கேக்குடன் வந்தது. என் அறைக் கதவைத் தட்டி, "பிள்ளை, வாரும். பேர்ளிக்கு இந்த முறை கணக்கிலை பன்ரண்டு. கேக் வெட்டுறம்" என்றார்.

பன்னிரண்டு. இருபதுக்கு. அதற்கு கேக். மேலே ஒரு மெழுகுவர்த்தி வேறு.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் எரிச்சல் எனக்கு. "பன்னெண்டுக்கெல்லாமா அக்கா கேக்கு? எங்க ஸ்கூல்ல முட்டி போட வைப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பேர்ளி அம்மாவைப் பார்த்து, இவளுக்குப் பைத்தியமா என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்குப் பிரெஞ்சு புரியாது என்று அந்தப் பதினைந்து வயதுக்கு நினைப்பு.

நான் அறைக்குத் திரும்பிய பிறகு, ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார் அக்கா. பன்னிரண்டோடு திருப்திப்பட்டால் பிள்ளைகள் எப்படி உருப்படும் என்று நினைத்துக்கொண்டே முழுவதையும் தின்றேன்.

பிப்ரவரி 19 – செவ்வாய்

நெதர்லாந்துக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். மார்செல் வகுப்பில் ஞாபகப்படுத்தினார். சொல்லும்போது என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. வீண் பிரமை.

க்ரித்திக் வந்து, "போட்டுட்டியா?" என்று கேட்டான். வகுப்பில் என்னைத் தவிர அவன் ஒருவன்தான் தமிழ். சென்னைக்காரன், வாய் ஓயாது, பாதி வகுப்புக்குத் தாமதமாக வருவான்.

"பாக்கறேன்" என்றேன்.

"என்னத்தப் பாக்கற? போடு."

இவனுக்கென்ன, சொல்லிவிடுவான். விண்ணப்பத்தோடு மார்க் போகும். மார்செல் கையெழுத்துப் போட வேண்டும். அந்த 13.5-ஐப் பார்த்துக்கொண்டே, இவளுக்கெல்லாம் ஆசையைப் பார் என்று நினைப்பார். முடியாது என்று அவர் வாயால் கேட்பதற்கு நானே போடாமல் இருப்பது மேல்.

மேலா? தெரியவில்லை.

பிப்ரவரி 22 – வெள்ளி

போடவில்லை.

மார்ச் 12 – செவ்வாய்

பெயர்கள் வந்துவிட்டன. ஒரு பிரெஞ்சுக்காரன். இன்னொன்று க்ரித்திக்.

கேண்டீனில் வாழ்த்துச் சொன்னேன். வாழ்த்தும்போதே வயிறு எரிந்தது, எழுதுவதற்கு என்ன வெட்கம். அவன் காபியை வைத்துவிட்டு, "எனக்கே நம்ப முடியல. பதினொண்ணரைதான் வச்சிருந்தேன். பயந்துட்டேதான் போட்டேன்" என்றான்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. "பதினொண்ணரையா?"

"ஆமா. இங்க பத்து எடுத்தா பாஸ். பன்னெண்டு தாண்டினாலே பெரிய ஆளு. ஆமா, நீ எவ்ளோ?"

சொன்னேன். முதல்முறையாக ஓர் ஆளிடம் சொன்னேன்.

அவன் என்னையே பார்த்தான். "லூசா நீ? க்ளாஸ்ல உனக்கு மேல ஒருத்தன் இருந்தா அதிகம். இருபதுக்கு இருபது எவனுக்குமே போட மாட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்? யாரைக் கேட்டேன்?

மாலை வீட்டுக்கு வந்து சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றதும் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த கேக் பேச்சுக்குப் பிறகு அவரோடு சரியாகப் பேசியதே இன்றுதான். அவர் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பன்ரண்டுக்கு ஏன் கேக் எண்டு கேட்டனீரே, உமக்கு எவ்வளவு எண்டு அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சொல்லியிருப்பன்தானே? இஞ்சை ஆருக்கு இருபது குடுக்கிறாங்கள்!"

பேர்ளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பதின்மூன்றரையா? அது சூப்பர்!" என்றாள் பிரெஞ்சில். கேலி இல்லை. நிஜமாகவே வியந்தாள். அதுதான் தாங்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 14 – வியாழன்

மார்செல் அறைக்குப் போனேன். நெதர்லாந்துக்கு ஆள் தேர்வு முடிந்தது முடிந்ததுதானா என்று கேட்டேன். முடிந்ததுதானாம். பெயர்களை அங்கே அனுப்பியாயிற்று.

பிறகு அவரே கேட்டார், நீ ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று. மார்க் குறைவு என்று நினைத்தேன் என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு சொன்னார்: உன் விண்ணப்பத்துக்காகத்தான் வெள்ளி மாலை வரை காத்திருந்தேன். வரவில்லை. உனக்கு விருப்பமில்லை, பாரிசிலேயே இருக்க நினைக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்படியானால் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே, சார்" என்றேன். 'சார்' வந்துவிட்டது. வரட்டும்.

நீ வளர்ந்த பெண், உன் முடிவில் நான் எப்படித் தலையிடுவது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் பள்ளியில் இப்படியா? காதைத் திருகி, பேனாவைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று எழுத வைத்திருப்பார்கள். அப்படி எழுத வைத்தே பழக்கிவிட்டார்கள். யாராவது வந்து தள்ளுவார்கள் என்றே உட்கார்ந்திருக்கிறேன் போல. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இவர்மேலா? நாமக்கல்மேலா? என்மேல்தான் மிச்சம்.

ஏப்ரல் 19 – வெள்ளி. நெதர்லாந்து, ஏதோ ஓர் ஊர் விடுதி

வகுப்புச் சுற்றுலா. படிப்புச் சுற்றுலா என்று சொல்ல வேண்டுமாம். பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது கழிப்பறைக்குப் பக்கத்து சீட்டு. வழியில் சாப்பாடு என்று சீஸ் வைத்த ரொட்டி, மறுபடி சீஸ் வைத்த ரொட்டி.

ஆனால் அந்தக் கடல் தடுப்பு! ஒரு பக்கம் கடல் மேலே நிற்கிறது, இந்தப் பக்கம் கீழே மாடு மேய்கிறது. மதகுக் கதவுகள் ஒவ்வொன்றும் எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்டு அகலம். காற்று ஆளைத் தள்ளியது. அதன்மேல் நின்று கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்தேன். சந்தோஷமாகவே இருந்தேன்.

பிற்பகல் அந்த நீரியல் ஆய்வகம். பெரிய கூடத்தில் ஒரு முழு ஆற்று முகத்துவாரத்தையே சிறிதாகக் கட்டி, அலையை வரவழைத்துப் பார்க்கிறார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. அங்கே இருந்த அம்மாள் க்ரித்திக்கின் கையைக் குலுக்கி, "செப்டம்பரில் சந்திப்போம்" என்றார். என் கையையும் குலுக்கினார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அம்மாவுக்குக் காற்றாலை முன்னால் நின்று ஒரு போட்டோ அனுப்பினேன். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். காற்று என்று பதில் போட்டேன்.

ஜூன் 23 – ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன், ஹாலந்து இல்லை என்று. ஏன் என்று கேட்டார். போட்டி அதிகம் என்றேன். அதுவாவது உண்மையா? இல்லை. போட்டியே போடவில்லை.

செப்டம்பர் 1 – ஞாயிறு

க்ரித்திக் கிளம்பினான். கார் து நோர் ரயில் நிலையம் இங்கிருந்து நடக்கிற தூரம் என்பதால் போகாமலிருக்கச் சாக்கு கிடைக்கவில்லை. அவனிடம் இரண்டு பெரிய பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். குக்கரை நான் தூக்கிக்கொண்டு நின்றேன்.

ரயில் ஏறும் முன்னால், "ஒண்ணு சொல்லணும். நீ அப்ளை பண்ணியிருந்தா எனக்குக் கெடச்சிருக்காது. தேங்க்ஸ்" என்றான்.

குத்தலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னான். எனக்கு அந்தக் குக்கராலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. "நல்லாப் படி. லேட்டாப் போகாத" என்றேன்.

திரும்பும்போது லா ஷப்பல் பாலத்தடியில் இங்குள்ள பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழா நோட்டீசைக் கையில் திணித்தார்கள். தேர் இன்று காலையே ஓடி முடிந்துவிட்டது. ரோடெல்லாம் உடைந்த தேங்காய். ஓரமாக நின்று அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. சாமிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஜனவரி 24, 2014 – வெள்ளி

மூன்றாவது செமஸ்டர் மார்க். 12.8. போன வருடத்தைவிடக் குறைவு.

டென்மார்க்கில் ஒரு துறைமுகத்தில் ஐந்து மாதப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் இருக்கிறதாம். மார்செல் போர்டில் ஒட்டியிருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. மதியமே அவர் கதவைத் தட்டினேன். என் மார்க்கைப் பார்த்தார், கடற்கரைப் பாடத்தில் ஏன் சறுக்கினாய் என்று கேட்டார், கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 26 – ஞாயிறு

அப்பா கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "மார்க்கு வந்துருச்சுங்கப்பா. இருபதுக்குப் பன்னெண்டு புள்ளி எட்டு."

"போன வருசம் எவ்வளவு கண்ணு?"

"பதிமூணரை."

"அப்பக் கொறஞ்சிருக்குதே."

"கொறஞ்சிருக்குதுங்கப்பா. டென்மார்க்குக்கு ஒரு எடம் இருக்குது. போட்டிருக்கறேன்."

"இந்த மார்க்குக்குக் குடுப்பாங்களா?"

"தெரியலீங்கப்பா. கேட்டிருக்கறேன்."