குதிரைக்குக் கேட்காத கட்டை

அன்பான குணாத் தம்பிக்கு,

எங்கள் ஆட்களுக்குள் ஒருவர் போனால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடித்துக் கொடுப்போம். அதில் செத்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் இருக்கும். நீர் மலேசியாப் பிள்ளை, உங்களுக்கு அந்த வழக்கம் இல்லையாம். ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. எனக்கு உம்மோடு ஒரு கோபமும் இருக்கிறது, அதை எழுதவும் இடம் வேண்டும். சின்ன வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

லண்டனில் பிளேஸ்டோவிலிருந்து ரயில் மாறி மாறி எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு வருவீரே, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில். மருமகனும் நீரும் ஒரே ஆபீஸ். எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை விளையாட்டை நடத்துவீர். நீர் கதை சொல்ல, மருமகன் போர்வீரன், என் மகள் வதனி மந்திரக்காரி. செய்யப்போவதை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"நிக்காதீங்க ஆண்ட்டி, உட்காருங்க. நீங்க என்னவா வரீங்க?"

"கள்ளியா வாறன்" என்றேன். வதனிக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

அன்றைக்கே தொடங்கியதுதான் கோபம். மருமகன் குதிரையில் ஏறினேன் என்றார், ஏறினார். வதனி பழைய எழுத்தை வாசித்தேன் என்றாள், வாசித்தாள். நான் பூட்டைத் திறக்கிறேன் என்றதும் கட்டையை என் பக்கம் தள்ளினீர். விழுந்தது ஒன்று. காவலுக்கு ஆளில்லாத வீடு, துருப்பிடித்த பூட்டு, அதற்கு முன்னால் என் கள்ளி அசடு வழிய நின்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். மருமகன்தான் எல்லோரிலும் கூடுதலாகச் சிரித்தார்.

"அவர் குதிரையில ஏறேக்க ஏன் தம்பி கட்டை கேக்கேல்லை?"

"அவர் போர்வீரன் ஆண்ட்டி. குதிரை அவருக்குப் பழக்கம்."

"அப்ப நான் ஆர்? பூட்டுத் திறக்கிறதுதானே என்ர தொழில். கள்ளி என்ன, கோயிலுக்குப் போய்ப் பூக் கட்டுறவள் எண்டு நினைச்சீரோ?"

அன்றைக்கு உமக்கு மீன் பொரியல் குறைத்துத்தான் வைத்தேன். தெரியுமா? தெரிந்துதான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு, வாசலில் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னீர். "ஆண்ட்டி கேட்டது நியாயம். இனிமே யாரா இருந்தாலும் ஒரே கேள்விதான். தோத்தா என்ன ஆவும்? ஒண்ணும் ஆவாது, பழகின கை, அவசரம் இல்லேன்னா, கட்டை வேணாம். தானா நடந்துரும். தோத்தா ஏதாச்சும் போவும்னாதான் உருட்டணும்." அதன் பிறகு என் கள்ளி திறந்த பூட்டுகள் கொஞ்சமா!

ஆனால் நீர் அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் கோட்டைக்குள் காவலர் துரத்தி வர, எனக்கு முன்னால் இரும்புக் கதவு. நான் கட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். நீரோ "ஆண்ட்டி திறந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு போகிறீர். உம்முடைய மடிக்குள் விழ எறிந்தேனே அந்தக் கட்டையை.

"கிழவி எண்டு விடுறீரோ? துரத்திக்கொண்டு வாறாங்கள். தோத்தா என்னாகும் எண்டு கேளும்!"

முகம் சிவந்துபோனீர். "மன்னிச்சிருங்க ஆண்ட்டி. உருட்டுங்க" என்றீர். உருட்டினேன். பிடிபட்டேன். அடுத்த ஞாயிறு முழுக்க என் கள்ளி சிறைக்குள், நான் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்தச் சிறையை நான் மறக்க மாட்டேன் தம்பி. லண்டனுக்கு வந்த நாள் தொட்டு எல்லோரும் எனக்கு விட்டுத்தான் தருகிறார்கள். கவுன்சிலோடு மருமகன் கதைப்பார், டாக்டரோடு வதனி கதைப்பாள். கறியில் உப்புக் கூடினாலும் "நல்லாயிருக்கம்மா" என்பாள். இவளும் தோற்கலாம், தோற்றால் தாங்குவாள் என்று என்னை நினைத்தது நீர் ஒருவர்தான்.

நீர் வேலைக்குப் போகும் வழியில் ரயில் மேடையில் சரிந்தீர், பிறகு எழும்பவேயில்லை என்று போன் வந்தபோது, மேசையில் நீர் விட்டுப்போன கதை அப்படியே நின்றது. கனகாலம் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு வதனிதான் சொன்னாள், "அம்மா, கதை முழுக்க உங்கட தலைக்குள்ளதான் கிடக்கு. நீங்களே நடத்துங்கோ." உண்மைதான். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் எங்களை ஏமாற்றினான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். ஒருத்தனையும் நான் மன்னிக்கவில்லை. இப்போது கதை சொல்வது நான்தான்.

போன ஞாயிறு உம்முடைய மனைவி மாலதியையும் வதனி கூட்டிவந்தாள். நீர் இருக்கும்போது ஒரு நாளும் விளையாடாத பிள்ளை. மெலிந்துபோய், சொன்ன இடத்தில் இருந்தாள். இன்றைக்கு மனம் நொந்தால் இனி இந்தப் பக்கம் வரமாட்டாள், தனி வீட்டுக்குள்ளேயே கிடந்துவிடுவாள் என்று எங்கள் எல்லோருக்கும் பயம். என் கள்ளியை அவளிடம் கொடுத்தேன். அரசனின் மோதிரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கப் பூட்டைத் திறக்கிறேன் என்றாள். யாரும் இல்லாத அறை. நான் கட்டை கேட்கவில்லை. திறந்தாள், எடுத்தாள்.

வெளியே வந்தால் ஆற்றின் மேல் கயிற்றுப் பாலம், பின்னால் நெருப்பு. "ஓடிக் கடக்கிறேன் ஆண்ட்டி" என்றாள். வதனி கண்ணைக் காட்டினாள், விடுங்கோ அம்மா என்று. மருமகன் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். தோற்றால் மோதிரம் போகும். இவளும் போய்விட்டால்? நீர் வழக்கமாக இருக்கும் கதிரையைப் பார்த்தேன். நீர் என்ன செய்திருப்பீர்?

கட்டையை அவள் பக்கம் தள்ளினேன்.

இரண்டு விழுந்தது. பாலம் அறுந்தது, ஆற்றுக்குள் விழுந்தாள், மோதிரம் போயிற்று.

"மாமி, உங்களுக்கு இரக்கமே இல்லையோ?" என்றார் மருமகன்.

மாலதி கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கையில் எடுத்தாள். "நீங்க சும்மா இருங்கண்ணே. இத்தனை மாசமா எல்லாரும் என்கிட்ட எல்லாத்துக்கும் சரி சரின்னுதான் சொல்றாங்க" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "ஆண்ட்டி, நீந்துறதுக்கு உருட்டணுமா?"

"ஓம் பிள்ளை. தண்ணி இழுக்குது. உருட்டு."

கரை சேர்ந்தாள் தம்பி. நனைந்த பூனை மாதிரி வந்து ஏறினாள் என்று நான் சொல்ல, சிரித்தாள். மோதிரம் இன்னும் ஆற்றுக்குள்தான் கிடக்கிறது. வருகிற ஞாயிறு அதைத் தேட வாறாளாம்.

உமக்கு வாக்குத் தருகிறேன். இந்த மேசையில் பழகின கைக்குக் கட்டை கேட்க மாட்டேன். ஆபத்து வந்தால் யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன், உம்முடைய மாலதிக்கும்தான். மருமகன் குதிரையில் ஏறும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் கட்டை கேட்க எனக்கு வாய் உன்னுகிறது. கேட்கவில்லை. உமக்காகத்தான்.

இப்படிக்கு,
அந்த முதல் பூட்டை இன்னும் மறக்காத, உம்முடைய ஆண்ட்டி,
பவளம்